திரை மீது போட்ட பழி

விமலாராணி பொய் சொல்கிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையில் அவளைப் பொய்க்காரி என்று நினைக்காதவர்கள் குறைவு. பெற்ற மகளும் அதில் சேர்த்தி.

சூலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு தறிக்குடோனுக்கும் பேக்கரிக்கும் நடுவே, சீனிவாசலுவின் போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. அங்கே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவள் விமலாராணி. புருஷன் தங்கராஜ் செத்துப்போன வருடம் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்தபோது மவுஸை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. இப்போது அந்த வட்டாரத்தில் தாலி கட்டிக்கொண்ட பாதிப் பேர் அவள் கையால் ஒரு தடவை மினுக்கப்பட்டவர்கள்தான். பருவை எடுப்பாள், தூங்கி வழிகிற கண்ணைத் திறப்பாள், பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற சித்தப்பாவைப் படத்தை விட்டே தூக்கிவிடுவாள்.

ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. கீபோர்டில் ஒரு பட்டனுக்கு 'பளிச்' என்று பேர். சீனிவாசலு செய்துவைத்த ஏற்பாடு. படத்தைத் திறந்து அந்தப் பட்டனைத் தட்டினால் முகம் கழுத்து கை எல்லாம் ஒரே தூக்கில் வெளுத்துவிடும். எந்தப் பெண்ணும் பிறந்த நிறத்தோடு அந்தக் கடை ஆல்பத்துக்குள் போனதில்லை. அதற்காக யாரும் வந்து வெளுக்கச் சொல்லிக் கேட்கவும் மாட்டார்கள். அது கௌரவக் குறைச்சல். "கேமரா இருட்டடிச்சிருச்சாட்ட இருக்குதுங்" என்பார்கள். "ஆமாங்க, கேமராதானுங்க" என்பாள் விமலாராணி. தட்டுவாள். பழியைக் கேமராவின் தலையில் போட்டுவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. கேமராவுக்கா வாய் இருக்கிறது?

ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

அவளுக்கு ஒரே மகள், ஜெனிஷா. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற லேப் டெக்னீஷியன். நல்ல கறுப்பு. அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். விமலாராணியும் அப்படியே சொல்லிக்கொள்வாள். தான் மாநிறம் என்பது அவளுடைய நினைப்பு. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில், ஏசு பிறப்பு நாடகத்தில் மாதா வேஷத்துக்கு எல்லா வசனமும் மனப்பாடம் செய்துவைத்திருந்த ஜெனிஷாவைக் கடைசி நேரத்தில் ஆட்டிடையர் கூட்டத்தில் தள்ளிவிட்டார்கள். அதிலிருந்து அவளுக்கு ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. பவுடர் போடமாட்டாள். போனில் முகத்தை மெழுகுகிற வேலையெல்லாம் ஆகாது. இருக்கிறபடி இருப்பேன், பிடித்தவன் கட்டிக்கொள்ளட்டும் என்பாள்.

அப்படிப்பட்டவள் கல்யாணத்துக்குச் சம்மதித்ததே பெரிது. பெண் பார்க்க அனுப்புவதற்கான படத்தைச் சீனிவாசலுதான் எடுத்தார். மயில் கழுத்து நிறத்தில் பட்டுச் சேலை, காதில் சின்ன ஜிமிக்கி. எடுத்து முடித்ததும் ஜெனிஷா வந்து அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"பரு எடுத்துக்கோ. நெத்தியில பறக்கற முடியச் செரி பண்ணிக்கோ. கலர்ல மட்டும் கை வெக்கப்படாது. பளிச் பட்டனத் தட்டுனேன்னு தெரிஞ்சுது, இந்தப் பேச்சே வேண்டாம்னு போயிருவேன்."

"மாதா சத்தியமாத் தட்டமாட்டேன் கண்ணு. பெத்த புள்ளைக்கு எதுக்குப் பளிச்சு?"

தட்டவும் இல்லை. அந்தப் பட்டன் பக்கமே விரல் போகவில்லை. மகள் பஸ் ஏறிப் போன பிறகு பருவை எடுத்தாள், முடியைப் படியவைத்தாள், படத்தைத் திரை முழுக்க விரித்துப் பார்த்தாள். மகள் மாதிரியே இல்லை. கேமரா இருட்டடித்திருந்தது. கேமரா கெடுத்ததை நேராக்குவது நிறத்தில் கைவைப்பது ஆகாது என்பது அவள் நியாயம். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வெளிச்சக் கோட்டைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கினாள். போதவில்லை. இன்னும் கொஞ்சம். ஒரு இடத்தில் படத்துக்குள் மகள் வந்துவிட்டாள். "இதுதான் என்ற புள்ள" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, மறைமாவட்டத்து வரன் பார்க்கும் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டாள்.

ஜெனிஷா அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அம்மா சத்தியம் செய்த பிறகு திறந்து பார்ப்பது சந்தேகப்படுவதாகும் என்று விட்டுவிட்டாள். அந்த நம்பிக்கைதான் அவளுக்கு வினையாகப் போனது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து வரன் வந்தது. பையன் பேர் ஆரோன், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். போனில் பேசிக்கொண்டார்கள். அவனுக்கு அவசரமில்லாத பேச்சு. பஸ்ஸில் போகும்போது ஜெனிஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். வீடியோவில் பார்த்துப் பேசலாமா என்று ஒருநாள் அவன் கேட்டதற்கு, "போட்டோவப் பாத்துட்டீங்கள்ல, மிச்சத்த நேர்ல வந்து பாத்துக்கங்க" என்று விளையாட்டாகச் சொன்னாள். அந்த விளையாட்டுப் பேச்சையும் பிறகு அவள் கணக்கில்தான் எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார்கள். ஆரோன், அவன் அம்மா, ஒரு பெரியம்மா. ஜெனிஷா காப்பித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பெரியம்மா கண்ணாடியைப் போட்டு அவளைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள். பிறகு விமலாராணியின் பக்கம் திரும்பி ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, போட்டோவுல இருக்கறது மூத்த புள்ளைங்களா?"

"எனக்கு ஒரே புள்ளைதானுங்க" என்றாள் விமலாராணி.

பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் தடதடவென்று கேட்டது. பலகாரம் தொடப்படாமல் இருந்தது. இந்த ஆரோன் ஒன்றும் பாலில் குளித்து வந்தவன் இல்லை. ஜெனிஷாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தங்கச்சி என்பார்கள். ஆனால் ஆண்பிள்ளையின் படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்க்கிற பழக்கம் நம் ஊருக்கு இன்னும் வரவில்லை.

மறுநாள் அவன் போன் செய்தான். "நெறமெல்லாம் எனக்கு ஒண்ணுமே இல்லைங்க. நெசமாச் சொல்றேன். ஆனா ஆரம்பத்துலயே ஒரு பொய்யின்னா, நாளைக்கு நான் எதை நம்பறதுங்க? எங்க ஊட்டுல எல்லாரும் அதையேதான் சொல்றாங்க." அவன் கத்தியிருந்தால் ஜெனிஷாவும் கத்தியிருப்பாள். அவன் வருத்தப்பட்டுச் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இருக்கிறபடி இருப்பேன் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவளை மோசக்காரி ஆக்கிவிட்டார்கள்.

அன்றுதான் அவள் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தாள். போனை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது ஆரும்மா?"

"நீதான்டி."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நீதான் கண்ணு. வேற ஆரு?" விமலாராணிக்கு நிஜமாகவே வேறு யாராகவும் தெரியவில்லை. ஆனால் கோபியிலிருந்து வந்த மூன்று பேருக்கும் தெரிகிறது, பெற்ற மகளுக்கும் தெரிகிறது. அப்படியென்றால் தன் கண்ணுக்கும் அவர்கள் போனுக்கும் நடுவில் ஏதோ ஒன்று கெட்டிருக்க வேண்டும். அவளுக்கு அது பிடிபட்டது. "அந்த மானிட்டர்தாண்டி! அது மங்கிக் கெடக்குது. மங்குன மானிட்டர்ல பாத்தா எல்லாம் இருட்டாத் தெரியும், நாம வெளிச்சத்த ஏத்திருவோம். நம்முளுக்கு அங்க செரியாத் தெரியும், மத்தவங்க போன்ல வெள்ளையாப் போயிரும்."

"அப்ப ஏத்தியிருக்கறே."

"கேமரா இருட்டடிச்சத நேராக்குனேன். அவ்வளவுதான். பளிச்சத் தட்டுலை. வேணும்னே பண்ணுலை. எந்தக் கோயல்ல வேணாலும் வந்து சொல்றேன்."

ஜெனிஷாவின் தொழிலில் மெஷினை அப்படியே நம்புவது கிடையாது. தினமும் காலையில், முதல் ஆளின் ரத்தத்தை வைக்கிறதுக்கு முன்னால், அளவு தெரிந்த ஒரு ரத்தத்தை வைத்து மெஷினைச் சோதிப்பார்கள். அதற்குக் கன்ட்ரோல் என்று பேர். அது சரியான அளவைக் காட்டினால்தான் மெஷின் சரி. காட்டாவிட்டால் மெஷினைத் திருத்துவார்கள். ஆளைக் குறை சொல்ல மாட்டார்கள். அதனால் அம்மா சொன்னதை அவளால் சட்டென்று தள்ளிவிட முடியவில்லை.

"செரி. மெஷின் தப்பாவும் இருக்கும். அப்படின்னா காட்டு. மானிட்டர்தான் கெட்டுருக்குதுன்னு தெரிஞ்சா, நானே ஆரோனுக்குப் போன் பண்றேன். எங்கம்மா பொய் சொல்லுலைங்க, மெஷின் கோளாறுங்கன்னு சொல்றேன். அவரு ஒத்துக்குவாரு." குரல் கடைசியில் கம்மிவிட்டது. அவன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை இருக்கிறது என்பது அந்தக் கம்மலில் விமலாராணிக்குத் தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க விமலாராணிக்கும் அந்த மானிட்டருக்கும் சண்டைதான். அதற்குக் கீழ்விளிம்பின் பின்பக்கம் கைக்குத் தட்டுப்படுகிற நாலைந்து குட்டிப் பட்டன்கள். ஒன்றை அழுத்தினால் ஓரத்தில் ஒரு பட்டியல் விரியும். ஸ்டாண்டர்ட், சினிமா, கேம், ரீடிங், கண்ணுக்கு இதம் என்று என்னென்னவோ. மகளின் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். சினிமாவில் ஜெனிஷா தக்காளிப் பழமாக ஆனாள். கேமில் குளிரில் விறைத்தவள் மாதிரி நீலம் பாய்ந்தாள். கண்ணுக்கு இதத்தில் மஞ்சள் பூசிக் குளித்தவளாக வந்தாள். வெளிச்சத்தை ஏற்றினால் ஒருத்தி, இறக்கினால் ஒருத்தி. அத்தனை மகள்களில் எவள் தன் மகள் என்று பார்த்துப் பார்த்து அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது. கடைசியில், நோண்டுவதற்கு முன்னால் போனில் படம் பிடித்துவைத்திருந்த அளவுகளைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் பழையபடிக்கே திருப்பிவைத்தாள்.

"அதையப் போட்டு என்னத்துக்கம்மா இந்தப் பாடு படுத்தறே?" என்றார் சீனிவாசலு. "நல்ல மானிட்டரு. நானே பாத்து வாங்கியாந்தது."

"உங்க நல்ல மானிட்டராலதானுங்ணா என்ற புள்ள கல்யாணம் நின்னு கெடக்குது" என்றாள் விமலாராணி. அத்தனை வருடத்தில் முதலாளியிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. அவர் போய் வாசலில் நின்றுகொண்டார்.

அவளேதான் விஷயத்தைச் சொல்லிக் கிளமென்ட்டைக் கூப்பிட்டாள். கிளமென்ட் காந்திபுரத்தில் இருக்கிறவன். பிரிண்ட் போடும் கடைகளுக்கெல்லாம் போய்த் திரையின் நிறத்தை அளந்து சரிசெய்து கொடுப்பது அவன் பிழைப்பு. சனிக்கிழமை மத்தியானம் வரச் சொன்னாள். ஜெனிஷாவும் அரைநாள் லீவு போட்டு வந்து சேர்ந்தாள். முகம் கழுவிக்கூட வரவில்லை. ஆஸ்பத்திரி வாசனையோடு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் போனை வைத்திருந்தாள். மெஷின் தப்பு என்று தெரிந்த அடுத்த நிமிஷம் ஆரோனுக்கு அடித்துவிடுகிற மாதிரி வைத்திருந்தாள்.

கிளமென்ட் முன்வாசல் ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னான். தெருவெளிச்சம் திரையில் விழக் கூடாதாம். "ஆன் பண்ணி எவ்வளவு நேரம் ஆச்சுங்க்கா? அரைமணி நேரமாச்சும் ஓடியிருக்கோணும். சூடேறாத மானிட்டரு செரியாக் காட்டாதுங்."

"காத்தாலயிருந்து ஓடுது தம்பி. ஒண்ணையும் மாத்துலை. நான் அன்னைக்குப் படம் பாத்தப்ப எப்படி இருந்துதோ அப்படியே இருக்குது."

"அப்ப திருத்தறதுக்கு முன்னாடி, இருக்கறபடிக்கே மொதல்ல அளந்து பாத்துக்கலாமுங்க."

பையிலிருந்து ஒரு சின்ன கறுப்புக் கருவியை எடுத்தான். ஒயரில் கட்டின டப்பி மாதிரி இருந்தது. அதைத் திரையின் நடுவில் முகம் பதிய ஒட்டித் தொங்கவிட்டான். கருவிக்கு அடியில் திரை நிறம் மாற ஆரம்பித்தது. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, சாம்பல், இன்னும் கொஞ்சம் இருட்டான சாம்பல். ஒவ்வொரு நிறமும் கொஞ்ச நேரம் நின்று போனது. விமலாராணி உள்ளுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். தன் மானிட்டர் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று ஒருத்தி மாதாவிடம் மன்றாடியது அந்தக் கடையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

முடிந்தது. கிளமென்ட் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினான். திரை காட்ட வேண்டிய அளவுக்கு ஒரு கோடு, அது காட்டுகிற அளவுக்கு ஒரு கோடு; இரண்டும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன.

"நல்லா இருக்குதுங்க்கா. சும்மா சொல்லக் கூடாது, நல்லா வெச்சிருக்கறீங்க. நீலம் மட்டும் துளியூண்டு கூட. வெளிச்சம் இருக்க வேண்டிய அளவுதானுங்க."

"மங்கலையா?" என்றாள் விமலாராணி.

"இல்லீங்."

"நல்லாப் பாரு தம்பி. அந்த நீலத்தால மொகம் வெள்ளையாத் தெரியுமில்ல?"

"அதெல்லாம் இவ்வளவு வித்தியாசம் பண்ணாதுங்க்கா" என்று சொல்லிவிட்டு, அவள் கேட்டாளே என்பதற்காக அந்தத் துளி நீலத்தையும் இறக்கி, மறுபடி கருவியை ஒட்டி, மறுபடி அளந்தான். இப்போது இரண்டு கோடும் ஒரே கோடாகிவிட்டது. வாசலில் நின்ற சீனிவாசலு, "நான்தான் சொன்னேனே" என்றார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அப்ப அந்த மெஷின் தப்பு" என்றாள் விமலாராணி. கருவியைக் காட்டினாள்.

கிளமென்ட் சங்கடத்தோடு சிரித்தான். ஜெனிஷா சிரிக்கவில்லை. போனை டேபிள் மேல் கவிழ்த்துவைத்தாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து மானிட்டருக்குப் பக்கத்திலேயே போட்டு, அம்மாவைப் பார்த்து உட்கார்ந்தாள். அவள் கன்னமும் திரையின் ஓரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

"அம்மா, எங்க லேப்ல மெஷின் மேல சந்தேகம் வந்தா, அளவு தெரிஞ்சத வெச்சுப் பாப்போம். இன்னைக்குக் கன்ட்ரோல் நாந்தான். சீனிவாசலு மாமா எடுத்த ஒரிஜினலத் தொற. என்னயப் பாரு, படத்தப் பாரு. ரெண்டும் ஒண்ணா வர்ற வரைக்கும் ஏத்து, எறக்கு, என்ன வேணாலும் பண்ணு. வந்ததும் நிறுத்து. கேமராவுமில்லை, மெஷினுமில்லை. நான் இங்கயே உக்காந்திருக்கறேன்."

விமலாராணிக்கு நம்பிக்கை வந்தது. இதைவிட லேசான வேலை அவளுக்கு இருக்க முடியுமா? அந்த முகத்துக்கு எண்ணெய் தடவியவள், மூக்குச் சிந்திவிட்டவள், காய்ச்சலில் இரவெல்லாம் ஈரத்துணி போட்டவள். உலகத்தில் ஒரு நிறம் அவளுக்குத் தெரியும் என்றால் அது இந்த நிறம்தான். ஒரிஜினலைத் திறந்தாள். பரு எடுக்காத, முடி பறக்கிற படம். இருட்டாக இருந்தது. வெளிச்சக் கோட்டைப் பிடித்தாள்.

மகளைப் பார்த்தாள், கொஞ்சம் ஏற்றினாள். மகளைப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். அதிகம் என்று தோன்றி ஒரு இழை இறக்கினாள். ஆல்பம் வேலையில்கூட அவ்வளவு அக்கறையாகச் செய்ததில்லை. ஜெனிஷா கண்ணை இமைக்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. விமலாராணி கையை எடுத்தாள்.

"இதான். இதான் நீ. இப்பப் பாரு, அச்சடிச்சாப்ல இருக்குது."

கிளமென்ட் மவுஸை வாங்கினான். வாட்ஸ்அப்பில் அனுப்பின பழைய படத்தைத் திறந்து, புதிதாகச் செய்ததற்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கன்னத்துக்குக் கன்னம், கழுத்துக்குக் கழுத்து, நிறத்தில் மாற்றமே இல்லை. அவள் கை அன்றைக்கு நின்ற இடத்திலேயே இன்றைக்கும் நின்றிருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானுங்க்கா" என்றான் மெதுவாக.

ஜெனிஷா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். திரையில் இரண்டு வெளுத்த பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய சிரிப்பு, அவளுடைய ஜிமிக்கி, அவளுடைய சேலை. பெரியம்மா சொன்ன அந்த மூத்த பெண். இத்தனை காலமும் அந்த வீட்டில், அவளுக்குத் தெரியாமல், அம்மா ஒரு மூத்த பெண்ணையும் சேர்த்து வளர்த்துவந்திருக்கிறாள்.

விமலாராணி மகளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பெரியம்மா பார்த்த மாதிரியேதான் பார்த்தாள். எங்கோ ஏதோ பொருந்தவில்லை என்று இப்போது அவளுக்கும் உறைத்தது. ஆனால் அவளுக்குத் திரை தப்பாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மேல்தான் ஏதோ நிழல் விழுந்திருக்கிற மாதிரி இருந்தது. தலையைத் தூக்கி மேலே பார்த்தாள்.

"இந்த டியூப்லைட்டு செரியில்லை. ஷட்டர் வேற எறக்கியிருக்குது. அதான் உன்ற மொகம்…"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தான் என்ன சொல்கிறோம் என்று கேட்டுவிட்டது. நிறுத்திக்கொண்டாள்.

"டியூப்லைட்டயும் மாத்திப் பாத்துரலாமாம்மா?" என்றாள் ஜெனிஷா. "ஆளக் கூப்புட்டு லைட்டு மாத்தலாம். அப்பறம் ஷட்டரத் தொறந்து வெயில்ல பாக்கலாம். இன்னும் என்னென்ன இருக்குது? எல்லாத்தயும் மாத்திப் பாத்துபோட்டுக் கடைசியா எங்கிட்ட வா."

"கண்ணு, நான் வேணும்னு பண்ணுலை. மாதா சத்தியமா…"

"தெரியுது. வேணும்னு பண்ணியிருந்தா ஒருநா திட்டிபோட்டு விட்டிருப்பேன்." கவிழ்த்துவைத்த போனை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"ஆரோன் தம்பிக்கு?"

"என்னன்னு போன் பண்றது? எங்கம்மா பொய் சொல்லுலைங்க, எங்கம்மாளுக்கு என்னயத் தெரியலைங்கன்னா?"

ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனாள். போய்ட்டு வாரேன் என்று சொல்லவில்லை. எந்தக் கோபத்திலும் அதைச் சொல்லாமல் வாசல் தாண்டாத பிள்ளை. கிளமென்ட் ஒயரைச் சுருட்டிக்கொண்டு, கூலி எதுவும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் மறையட்டும் என்று கொஞ்சம் காத்திருந்து கிளம்பினான். சீனிவாசலு டீ சொல்லப் போகிறேன் என்று போய்விட்டார்.

விமலாராணி தனியாக உட்கார்ந்திருந்தாள். தான் ஏற்றிய வெளிச்சத்தை எல்லாம் ஒவ்வொன்றாக இறக்கினாள். ஒரிஜினல் வந்து நின்றது. இனிமேல் அதைக் கேமராவின் தப்பு என்று சொல்ல முடியாது, மானிட்டரின் தப்பு என்றும் சொல்ல முடியாது. அளந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அப்படியும் அது யாரோ மாதிரிதான் இருந்தது. தொட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டினாள். கன்னத்தின் மேல் அவள் விரல்கள் போய் நின்றன.

விரல் எங்கே முடிகிறது, கன்னம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. துளி வித்தியாசம் இல்லை. தங்கராஜின் நிறம் என்று அவள் ஊருக்கெல்லாம் சொல்லிவந்த நிறம் அவள் மணிக்கட்டில் இருந்தது, முழங்கையில் இருந்தது. அளவு தெரிந்த பொருள் அவளிடமே இருந்திருக்கிறது. நாள் முழுக்க மவுஸின் மேல், கண்ணுக்கு நேராகக் கிடந்த கை. அதை ஒரு தடவை திரையில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். வேறு கருவி வேண்டியதில்லை. அவளுக்கு அழுகை வந்தது. மகளுக்காகவா தனக்காகவா என்று பிரிக்க முடியாத அழுகை. முந்தானையால் முகத்தைத் துடைக்கிறபோது அந்தக் கையைப் பார்க்காமலே துடைத்தாள்.

ஷட்டர் சத்தத்தோடு மேலே ஏறியது. "விமலா, பல்லடத்துப் பார்ட்டி வந்துட்டாங்கம்மா" என்றார் சீனிவாசலு. அம்மாவும் பெண்ணுமாக உள்ளே வந்தார்கள். அடுத்த மாதம் கல்யாணம். நிச்சயதார்த்தப் படங்களைப் பார்த்து ஆல்பத்துக்குப் பொறுக்க வேண்டும். விமலாராணி மகளின் படத்தை மூடிவிட்டு அவர்களுடையதைத் திறந்தாள். சரியாக அளந்துவைத்த திரையில் அந்தப் பெண் வந்தாள். செம்மண் நிறம், களையான முகம். நாற்காலிக்குப் பின்னால் அதே முகம் உயிரோடு நின்றுகொண்டிருந்தது.

அம்மாக்காரி முன்னால் குனிந்து பார்த்தாள். முகம் சுருங்கியது.

"ஏனுங்க, எம்புள்ள இப்படி இருக்கமாட்டாளுங்களே. கேமரா இருட்டடிச்சிருச்சுங்களா?"

விமலாராணி திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றாள் விமலாராணி. "கேமராதானுங்க."

பொய் என்று தெரிந்தே அதை அவள் சொன்னது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டுப் பளிச் பட்டனைத் தட்டினாள்.